அட்டையா? அதுவும் கடலிலா?

'அட்டை' என்றால் நம்ம திண்டுக்கல்காரர்களுக்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, ரெக்கார்டு நோட்டுக்குப் போடுகிற அட்டை. இன்னொன்று, மழைக்காலத்தில் கொடைக்கானல் சோலைக்காட்டுக்குள் போனால் சத்தமில்லாமல் காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை. மூன்றாவதாக ஒரு அட்டை இருக்கிறது. அது ரத்தம் குடிக்காது, கடிக்காது, அதன் வாயில் பல்லே கிடையாது, ஆனால் அதைக் கையில் வைத்திருந்தால் ஜெயிலுக்குப் போகலாம் என்று சொன்னால் நம்புவீர்களா?

அதுதான் கடல் அட்டை. எனக்கு முதலில் இதைச் சொன்னவன் எங்க ஹாஸ்டல் ரூம் நண்பன். மண்டபம் பக்கத்துப் பையன். அவனுடைய தாத்தா அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர், அட்டையும் எடுத்தவர். அவன் சொன்ன கதைகளைப் பாதி கேலியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு லைப்ரரியில் தேடிப் படித்தபோதுதான் அவன் குறைத்துச் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தது!

பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி, கொஞ்சம் அழுகிய வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். இங்கிலீஷில் 'ஸீ குக்கும்பர்' என்று பெயர் வைத்ததும் அதனால்தான். புழு மாதிரித் தெரிந்தாலும் இது புழு இனமே இல்லை. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி இவற்றின் பங்காளி. முட்தோலிகள் என்கிற குடும்பம். உலகம் முழுவதும் சுமார் 1,700 வகைகள். இந்தியக் கடல்களில் மட்டும் ஏறக்குறைய 200 வகைகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆற்றிலோ குளத்திலோ ஒரு வகைகூடக் கிடையாது. உப்புத் தண்ணீர் இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை.

மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது அதன் 'டிசைன்'தான். எலும்பு கிடையாது. உடம்பு முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள். அந்தக் குழாய்களில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, அடிப்பக்கம் இருக்கிற சின்னச் சின்னக் குழல்கால்களை நீட்டி நகர்கிறது. நாம் லேபில் பார்க்கிற ஹைட்ராலிக் ஜாக்கின் தத்துவம்தான், ஆயில் இல்லாமல்! மூச்சு விடுவது பின்பக்கமாக. ஆமாம், சிரிக்காதீர்கள், ஆசனவாய் வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது. அந்த வழியாக உள்ளே போய்க் குடியிருக்கிற மீன்கூட ஒன்று உண்டு. வாடகையில்லா வீடு! சில அட்டைகளுக்கு மட்டும் அந்த இடத்தைச் சுற்றி ஐந்து பல் முளைத்திருக்கிறது. வாயில் இல்லாத பல் வாசலில் இருக்கிறது.

தோல் இன்னும் ஆச்சரியம். தொட்டால் கொஞ்ச நேரத்தில் கட்டை மாதிரி விறைக்கும். நினைத்தால் கூழ் மாதிரி இளகிப் பாறை இடுக்கில் நுழைந்துகொள்ளும். உள்ளே போனதும் மறுபடி விறைத்துக்கொண்டால் யாராலும் பிடுங்க முடியாது. அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் இந்தத் தோலைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் செய்தார்கள். காய்ந்திருக்கும்போது விறைப்பு, ஈரம் பட்டால் மென்மை. மூளைக்குள் செருகுகிற எலெக்ட்ரோடுக்கு இது பயன்படும் என்பது அவர்கள் யோசனை. செருகும்போது கடினமாக இருக்க வேண்டும், செருகிய பிறகு திசுவைக் குத்தக் கூடாது அல்லவா?

எதிரி வந்தால் சில வகைகள் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பிக்கும். சில வாரங்களில் புதுக் குடல் வளர்ந்துவிடும். சில வகைகள் பசை போன்ற வெள்ளை நூல்களைப் பீய்ச்சும். எங்க நண்பன் ஊரில் அதற்கு 'நூல் அட்டை' என்றே பெயர். கறுப்பாக, குச்சி மாதிரி, பாறைத் திட்டில் மண்ணைப் பூசிக்கொண்டு கிடப்பது குச்சி அட்டை. இது நடுவில் இரண்டாக அறுந்து இரண்டு அட்டையாகவும் ஆகும். ராஜ அட்டை என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, காசுக்கு ராஜா வெள்ளை அட்டை. ஹோலோதூரியா ஸ்காப்ரா என்பது அதன் விஞ்ஞானப் பெயர்.

இத்தனை வகையையும் எப்படிப் பிரித்து அறிவது? நிறத்தை நம்ப முடியாது, ஒரே வகையிலேயே நிறம் மாறும். நீளத்தையும் நம்ப முடியாது, சுருங்கினால் பாதி ஆகிவிடும். விஞ்ஞானிகள் தோலில் ஒரு துணுக்கை வெட்டி, ப்ளீச்சிங் திரவத்தில் கரைத்து, மிஞ்சுகிற தூளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அந்தத் தூள் சுண்ணாம்பு. சட்டைப் பொத்தான் மாதிரி, ஸ்டூல் மாதிரி, கப்பல் நங்கூரம் மாதிரியெல்லாம் வடிவங்கள்! எந்த வகைக்கு எந்த வடிவம் என்பதுதான் அதன் ரேகைப் பதிவு.

எங்கே எது வாழும் என்பதும் சும்மா அமைந்ததல்ல. வெப்ப மண்டலக் கடல்களில், அதிலும் இந்தியப் பெருங்கடலும் மேற்குப் பசிபிக்கும் சேர்ந்த பகுதியில்தான், கரையோர அட்டை வகைகள் மிக அதிகம். பவளப்பாறை, கடற்புல், சேறு கலந்த மணல், அலையாத்தி ஓரம் என்று ஒரே கடற்கரையில் பல வகை வீடு இருப்பதே காரணம். வெள்ளை அட்டைக்குப் பவளப்பாறை பிடிக்காது. கடற்புல் முளைத்த, கொஞ்சம் சேறான மணல்தான் வேண்டும். பகலில் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து கிடக்கும், பொழுது சாயும்போது மேலே வரும். நம்ம பக்கம் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் அதற்குச் சொந்த வீடு மாதிரி. பெரிய ஆற்றுத் தண்ணீர் கலக்காத, ஆழம் குறைந்த, கடற்புல் மண்டிய கடல். அன்னாசிப்பழம் போல மேலெல்லாம் முள்முள்ளாக இருக்கிற பெரிய அட்டையைப் பார்க்க வேண்டுமானால் லட்சத்தீவு, அந்தமான் பவளப்பாறைகளுக்குத்தான் போக வேண்டும்.

வெள்ளை அட்டை தின்பது மணல். மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் மக்கிய பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே விடுகிறது. நம்ம தோட்டத்தில் மண்புழு செய்கிற வேலை. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கணக்கெடுத்தபோது, 1,000 சதுர மீட்டரில், அதாவது நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்டில், அட்டைகள் ஒரு வருஷத்தில் சுமார் 4,600 கிலோ மணலைப் புரட்டிப் போடுவது தெரிந்தது. அந்தத் தீவில் இருந்தது வேறு வகை அட்டைகள்தான், ஆனால் தொழில் ஒன்றே. டீசல், டிரைவர் இரண்டும் இல்லாத டிராக்டர்!

சரி, இதில் காசு எங்கே வருகிறது? நம்ம ஊரில் யாரும் இதைத் தின்பதில்லை. சீனர்கள் தின்கிறார்கள், விருந்துக்கும் மருந்துக்கும். நூற்றாண்டுகளாக நம் கரையிலிருந்து காய்ந்த அட்டை கப்பலேறியது. நண்பனின் தாத்தா அதைப் பதப்படுத்துகிற விதத்தைச் சொன்னார். "தம்பி, அவிக்கிறது பெருசில்ல, புதைக்கிறதுதான் கைப்பக்குவம்" என்றார். அட்டையின் பின்புறம் சின்னதாகக் கீறிக் குடலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, பெரிய அண்டாவில் கிண்டிக்கிண்டி அவிக்க வேண்டும். பிறகு கடற்கரை ஈர மணலில் குழி தோண்டி ராத்திரி முழுக்கப் புதைத்து வைக்க வேண்டும். மறுநாள் தோண்டி எடுத்துத் தேய்த்தால் மேல் தோலில் இருக்கிற சுண்ணாம்பு உரிந்து வந்துவிடும். அதே பொத்தான், அதே ஸ்டூல்! சுண்ணாம்பு நிற்குமானால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். மறுபடி அவித்து, நாலு நாள் வெயிலில் காயப்போட்டால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். நம்ம ஊர்த் தோல் பதனிடும் இடங்களில் மயிர் நீக்கத் தோலைச் சுண்ணாம்பில் போடுகிறார்கள். அங்கே தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்கிறார்கள். ஒரு கிலோ காய்ந்த சரக்குக்குப் பத்து கிலோவுக்கு மேல் உயிர் அட்டை போய்விடும்.

ஓட முடியாது, கடிக்க முடியாது, விலையோ அதிகம். அப்புறம் என்ன ஆகும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு பெண் அட்டை ஒரு தடவைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டை விடும். கேட்டால் "அழியவே அழியாது" என்று தோன்றும். ஆனால் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் தனித்தனியாகத்தான் விடுகின்றன. இரண்டும் சந்தித்தால்தான் குஞ்சு. பக்கத்தில் ஜோடி இல்லை என்றால் அத்தனை முட்டையும் வீண். ஆகவே கடைசி அட்டை வரை பிடிக்க வேண்டியதில்லை, இடைவெளி அதிகமாகும் அளவுக்குப் பிடித்தாலே போதும், இனம் சரியத் தொடங்கிவிடும். 1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அரசு சொன்னது. பலன் போதவில்லை. 2001-ல் எல்லா வகைக் கடல் அட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை! பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். தடை இன்றும் நீடிக்கிறது. 2013-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் வெள்ளை அட்டையை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது.

தாத்தாவுக்கு இதில் கோபம் உண்டு. மீனுக்குப் போட்ட வலையில் அட்டை தானாக வந்து விழுந்தாலும் பயந்து பயந்து தூக்கி எறிய வேண்டியிருக்கிறது, எதிர்க்கரையான இலங்கையில் லைசென்ஸ் வாங்கினால் அதே அட்டை சட்டப்படி ஏற்றுமதி ஆகிறது என்பது அவர் கேள்வி. இருபது மைல் தண்ணீர் தாண்டினால் குற்றம் வியாபாரமாகிவிடுகிறது. கடத்தல் நிற்காததற்கு அதுவே காரணம். மண்டபம், தொண்டிப் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதைப் பேப்பரில் நாமே படிக்கிறோம். மாட்டுகிறவர் பெரும்பாலும் படகுக்காரர், பணம் போட்டவர் அல்ல.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உலகத்திலேயே முதன்முதலாக வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியது நம்ம தூத்துக்குடி! 1988-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் டி.பி. ஜேம்ஸ் தலைமையில் நடந்தது. அந்த வித்தையை வைத்து வியட்நாமும் மடகாஸ்கரும் இலங்கையும் பண்ணை போட்டுவிட்டன. கண்டுபிடித்த நாம் சட்டத்தால் கட்டுண்டு நிற்கிறோம்.

அதற்காக "தடையை எடு, பண்ணை போடு" என்று கோஷம் போடவும் எனக்கு மனசில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் பண்ணைக்காகக் கடலை வலையால் அடைத்தபோது, அங்கே வீச்சு வலை போட்டுப் பிழைத்தவர்களுக்கு வழி அடைபட்டது. கௌதாரிமுனையில் சீன நிறுவனம் ஒன்றின் பண்ணை 2021-ல் பெரிய சர்ச்சையானது. கிராஞ்சியில் 2022-ல் சிறு மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். மடகாஸ்கரில் கிராமத்து மக்களே குடும்பம் குடும்பமாகப் பண்ணையை வைத்திருக்கிறார்கள். ஒரே அட்டை, ஒரே டெக்னாலஜி. கடல் யார் கையில் என்பதில்தான் வித்தியாசம். குஞ்சுகளைப் பொரித்து முதலில் கடலிலேயே விட்டு எண்ணிக்கையைக் கூட்டுவது, பிறகு மீனவர் சங்கங்களுக்கு மட்டும் அளவோடு அனுமதி தருவது என்று படிப்படியாகப் போகலாம் என்பது என் அபிப்பிராயம். தாத்தாவோ "நம்ம காலத்துல நடக்காது தம்பி" என்று சிரிக்கிறார்.

ஒரு நல்ல சேதி: லட்சத்தீவில் செரியபாணிப் பகுதியில் 239 சதுர கிலோமீட்டர் கடலை 2020-ல் அட்டைகளுக்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். உலகத்திலேயே இதுதான் முதல் காப்பகம்.

நம்ம ஊரிலிருந்து மண்டபம் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ராமேஸ்வரம் டூர் போகிறவர்கள் குருசடைத் தீவுப் பக்கம் கண்ணாடி அடிப்பாகம் உள்ள படகில் போனால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு குச்சி அட்டையாவது கண்ணில் படும். பார்க்கலாம், தொடக்கூடாது. மூட்டு வலிக்கு மருந்து என்று யாராவது கறுப்பாக, கட்டையாக ஒன்றைக் காகிதத்தில் சுற்றி நீட்டினால் கையை எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவர் ஓடிவிடுவார், கேஸ் நம்ம மேல்தான் விழும்.