கிடாக்களுக்கு வரும் நீரடைப்பும் தவிட்டுத் தீவனமும்

பக்ரீத் பண்டிகைக்கும் ஊர்த் திருவிழாவிற்கும் இரண்டொரு வெள்ளாட்டுக் கிடாக்களைக் கட்டி வளர்த்து விற்பது திருவள்ளூர் மாவட்டத்துச் சிறு விவசாயிகளுக்குப் பழக்கமான தொழிலாகும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளும் மனைகளும் பெருகி மேய்ச்சல் நிலம் சுருங்கிய பின், கொட்டிலிலேயே கட்டித் தீவனம் வைப்போர் கூடியுள்ளனர். செங்குன்றத்து அரிசி ஆலைகள் அருகில் இருப்பதால் தவிடு எளிதில் கிடைக்கிறது. சீக்கிரம் சதை பிடிக்கட்டும் என்று அதைத் தாராளமாக வைக்கிறோம். கிடாவும் விரும்பித் தின்று மளமளவென்று வளர்கிறது. விற்கும் வேளை நெருங்கும்போது ஒரு நாள் காலையில் அது தீனி எடுக்காமல், முதுகை வளைத்து, முக்கி முக்கிக் கத்துகிறது.

பலர் இதனை மலச்சிக்கல் என்று எண்ணி, விளக்கெண்ணெய் புகட்டி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கின்றனர். அந்த ஒரு நாளில்தான் கிடா கைவிட்டுப் போகிறது. நீர்ப்பையில் உண்டான கல், சிறுநீர் வரும் குழாயை அடைத்ததால் வந்த நீரடைப்பு இது. மருத்துவம் கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் நோயின் வேர் தீவனத்தில் இருப்பதால், தீவனம் பற்றி இங்கு விளக்கமாகக் காண்போம்.

கல் உண்டாகும் விதம்

பயிருக்கு நாம் சூப்பர் பாஸ்பேட்டாக இடும் மணிச்சத்து, கால்நடைத் தீவனத்திலும் உண்டு. எலும்புக்கு அது தேவைதான். எனினும், ஆடு தின்னும் மொத்தத் தீவனத்தில் மணிச்சத்து ஒரு பங்கு இருந்தால் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கு இருக்க வேண்டும். அரிசித் தவிட்டில் இந்தக் கணக்கு தலைகீழாக உள்ளது. ஒரு கிலோ நல்ல தவிட்டில் ஏறக்குறைய 15 கிராம் மணிச்சத்து உண்டு. சுண்ணாம்புச் சத்தோ ஒரு கிராம் அளவே. கோதுமைத் தவிடும் இதே இனம்தான்.

அசை போடும் பிராணிகளின் உடலில் மிகுதியாகும் மணிச்சத்து, உமிழ்நீர் வழியே வயிற்றுக்கு வந்து புழுக்கையோடு வெளியேறுவது இயற்கை. தழையையும் கொடியையும் மென்று அசை போட்டால்தான் உமிழ்நீர் நிறையச் சுரக்கும். தவிட்டைக் குழைத்து வைத்தால் மெல்லும் வேலை குறைகிறது, உமிழ்நீரும் குறைகிறது. மிஞ்சிய மணிச்சத்து சிறுநீரில் இறங்கி, மக்னீசியத்தோடும் அம்மோனியாவோடும் கூடி மணல் போன்ற கற்களாகப் படிகிறது. ஆடு போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் இது இன்னும் விரைவில் நடக்கும்.

பெட்டை ஆட்டின் சிறுநீர்க் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் மணல் வெளியே போய்விடுகிறது. கிடாவிற்கு அது நீண்டு, நடுவில் இரட்டை வளைவாக மடங்கி, நுனியில் புழுவைப் போல மெலிந்திருக்கிறது. கல் சிக்குவது பெரும்பாலும் அந்த வளைவிலும் நுனியிலும்தான். மிக இளம் வயதில் காயடித்த கிடாவிற்குக் குழாய் முழு அகலம் பெறுவதில்லை. ஆகவே காயடிப்பதாயின் சில மாதங்கள் வளரவிட்டுச் செய்வது நல்லது.

கணக்குப் பார்த்து வைக்க வேண்டும்

25 கிலோ எடையுள்ள கிடாவிற்கு நாள்தோறும் அரைக் கிலோ தவிடும், அரைக் கிலோ காய்ந்த கடலைக்கொடியும் வைப்பதாகக் கொள்வோம். கடலைக்கொடியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கிலோவிற்கு 12 கிராம் அளவில் இருக்கும். அப்படியிருந்தும் கூட்டிப் பார்த்தால் சுண்ணாம்புச் சத்து சுமார் ஆறரை கிராம், மணிச்சத்து எட்டரை கிராம் என்றாகிறது. இது கல் விளையும் தீவனம். தவிட்டை 150 கிராமாகக் குறைத்து, கொடியை 600 கிராமாகக் கூட்டினால் சுண்ணாம்புச் சத்து ஏழு கிராமும் மணிச்சத்து மூன்று கிராமுக்குச் சற்று மேலும் ஆகி, கணக்கு சரியாகிவிடும். தவிட்டைக் குறைத்தால் சதை பிடிக்காதே என்போருக்கு அகத்தி, வேலிமசால், சூபாபுல் தழைகள் இருக்கின்றன. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இவற்றில் ஒருங்கே உண்டு. சூபாபுல் மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தினம் 50 கிராம் கடலைப் பிண்ணாக்கு சேர்ப்பதால் மேற்சொன்ன கணக்கு பெரிதும் மாறாது.

கடலைக்கொடிக்குப் பதில் வைக்கோல் போதும் என்று எண்ணக் கூடாது. வைக்கோலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதிலுள்ள ஆக்சலேட், இருக்கும் சுண்ணாம்பையும் உடலில் சேரவிடாமல் கட்டிப்போடுகிறது. கம்பு நேப்பியர் புல்லிலும் ஆக்சலேட் உண்டு. அதை மரத்தழையோடு சேர்த்தே போட வேண்டும்.

அடர் தீவனம் கலப்போர் 100 கிலோவிற்கு 2 கிலோ வீதம் தீவனத் தரமுள்ள சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்கலாம். கறவை மாட்டிற்கென்று விற்கும் தாது உப்புக் கலவையில் மணிச்சத்தும் சேர்ந்தே இருப்பதால், தவிடு தின்னும் கிடாவிற்கு அது ஏற்றதன்று. சுண்ணாம்பை அளவு மீறிப் போட்டாலும் வேறு வகைக் கல் வரும். வீட்டில் பிள்ளைகள் வளர்க்கும் கினிப்பன்றிக்கு வரும் கல் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லே. குதிரை மசாலைக் குறைத்துப் புல்லை மிகுதியாகக் கொடுப்பதுதான் அதற்கு வழி. ஆட்டிற்குச் சொன்னதை அதற்குச் செய்தால் கேடு.

தண்ணீரும் உப்பும்

நல்ல தண்ணீர் நிழலில் எப்போதும் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தொட்டி நீரையும் பாசி பிடித்த நீரையும் ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். அடர் தீவனத்தில் வழக்கமாக 100 கிலோவிற்கு 1 கிலோ உப்புச் சேர்ப்போம். நீரடைப்பு கண்ட கொட்டிலில் இதனை 3 கிலோ வரை உயர்த்தினால் ஆடு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் ஊடுருவி உவர்த்துப்போன கிணற்று நீரைக் காட்டுவோர், மருத்துவரைக் கேளாமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

சிறுநீரின் காரத்தன்மையைக் குறைக்க மருத்துவர்கள் அம்மோனியம் குளோரைடு கொடுப்பதுண்டு. நவச்சாரம் என்பதும் இதுவே. ஆனால் ஈயம் பூசுவதற்கு விற்கும் நவச்சாரத்தையோ உரக்கடைச் சரக்கையோ வாங்கிப் போடக் கூடாது. ஆட்டின் எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

அடைப்பு கண்டால்

கிடா முக்கினால் முதலில் குறி நுனி மயிரைப் பாருங்கள். அது காய்ந்திருந்தாலும், மணல் ஒட்டியிருந்தாலும், சிறுநீர் சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ வந்தாலும் அடைப்பு என்று கொள்ள வேண்டும். வாலை ஆட்டுவதும் வயிற்றை உதைப்பதும் உண்டு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியையும் அழைக்கலாம். கல் நுனியில் சிக்கியிருந்தால் மருத்துவர் அந்தப் புழு நுனியை நறுக்கிவிட்டு வழி செய்வார். மேலே சிக்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படும்; அதற்குச் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். அடைப்பு நீங்குமுன் தண்ணீரை வாயில் ஊற்றிப் புகட்ட வேண்டாம். முக்கிக்கொண்டிருந்த கிடா திடீரென்று அமைதியாகி, வயிறு இருபுறமும் உப்பிக்கொண்டு வந்தால் குணமாகிவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது, நீர்ப்பை வெடித்திருக்கலாம்.

ஒரு கிடாவிற்கு நீரடைப்பு கண்டால், கொட்டிலிலுள்ள மற்றக் கிடாக்களும் அதே தவிட்டைத்தான் தின்றிருக்கும். அன்றைய மாலையிலிருந்தே அவற்றின் தவிட்டைக் குறைத்துக் கொடியையும் தழையையும் கூட்ட வேண்டும்.