ஒரே கப்பல், பல பேச்சு



கியா பார்ம் சந்தைக்குச் சற்று மேலே, காய்கறித் தோட்டங்கள் முடிந்து தேயிலைச் சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு வீடு. சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதை நாம் அங்கே கழித்தோம். பேரன் கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலின் விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து தாத்தா, பாட்டி இருவர் முன்னும் விரித்தான். நான்கு நாள் பயணம். நீச்சல் குளம் உண்டு, ஆடல் பாடல் உண்டு. "தாத்தா, இரண்டு பேரும் வாருங்கள், சீட்டு நான் எடுக்கிறேன்" என்றான்.

தாத்தாவின் முகம் மலர்ந்தது. "கப்பல் பயணம் மாதிரி சுகம் உலகத்திலே உண்டா?" என்றார். பாட்டி அந்தத் தாளைத் தொடவே இல்லை. "ஒரு தடவை போனது போதும். அது கப்பலா, மாட்டுக் கொட்டகையா?" என்றார்.

இதில் நம்மை வியக்க வைத்தது என்னவென்றால், இருவரும் பேசியது ஒரே கப்பலைப் பற்றி. 1966-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பத்து மாதக் கைக்குழந்தையோடு, பினாங்கில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கிய அதே பயணம். அவருக்கு அது சொர்க்கம், அந்த அம்மாளுக்கு நரகம். அறுபது ஆண்டு ஆகியும் வழக்கு தீரவில்லை. அந்தக் கப்பலின் பெயர் நமக்கு இங்கே வேண்டாம். அக்காலத்தில் ஓடிய சில கப்பல்களில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வழக்கு இருக்கலாம். மலையகத் தோட்டங்களில் கப்பல் கதை இல்லாத குடும்பம் அபூர்வம். நம் முன்னோர் கங்காணி பின்னால் வந்தார்கள், பிறகு தாமாகவும் வந்தார்கள். எல்லோருக்கும் வழி கடல்தான். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசு அப்படிச் செலவு கொடுத்து ஆள் அழைப்பதைத் தடை செய்தது. அதற்குப் பின்னும் போவோர் வருவோர் இருந்தார்கள்.

அந்தக் கப்பல்களில் பேர் பெற்றது ராஜுலா. 1926-இல் கட்டப்பட்டு, எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையோடு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. அந்த போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. ராஜுலாவுக்கு ரோனா என்ற ஓர் உடன்பிறப்பும் இருந்தது. போர்க்காலத்தில் படைகளை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26-இல், மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் ஏவிய குண்டுக்கு ரோனா பலியாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அதில் மாண்டார்கள். நம் பாட்டன்மார் பாய் விரித்துப் படுத்திருந்த தளங்கள் அவை. ராஜுலா மட்டும் தப்பிப் பிழைத்து, 1973 வரை இந்த வழியில் ஓடியது. 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' என்ற இந்தியக் கப்பலும் அந்நாளில் ஓடிற்று. பின்னர் வந்தது சிதம்பரம். 1966-இல் பிரான்சில் கட்டப்பட்ட அக்கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றி ஓட்டியது. ராஜுலாவைப் போல் இரு மடங்கு பெரியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு அதன் ஓட்டம் முடிந்தது.

சரி, தாத்தா பாட்டி வழக்குக்கு வருவோம். ஒரு பயணத்தைப் பற்றி இருவர் இரு விதமாகச் சொன்னால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அப்படி அல்ல. கப்பலில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

ராஜுலா புதிதாக வந்தபோது மேல் வகுப்புகளில் நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் இடம். தளப் பயணிகளாகவோ ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். மேல் வகுப்பில் கட்டில், மின்விசிறி, மேசையில் சாப்பாடு. தளத்தில் பாய், தகரப் பெட்டி, தலைக்கு மேல் கித்தான் கூடாரம், தண்ணீர்க் குழாய்க்கு வரிசை. மேல் வகுப்பில் போன கிராணியாரும், தளத்தில் போன தொழிலாளியும் ஊருக்கு வந்து சொன்ன கதை ஒன்றாக இருக்க முடியுமா?

தளப் பயணிகளின் குறையைப் பற்றி எழுதிவைத்த ஒருவர் காந்தியடிகள். 1915-இல் கஸ்தூரிபாவோடு கல்கத்தாவிலிருந்து ரங்கூனுக்குத் தளப் பயணியாகவே போனார். குளியலறையும் கழிப்பிடமும் இருந்த நிலையைப் பார்த்துக் கப்பல் அதிகாரியிடம் முறையிட்டார். பயன் இல்லை. ரங்கூன் போய்ச் சேர்ந்து கம்பெனி ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதினார். திரும்பி வரும்போது நிலைமை ஓரளவு தேவலை என்று தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். குறை சொன்னால் கொஞ்சமாவது நடக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் எழுதத் தெரியாத நம் மக்கள் யாருக்கு எழுதுவார்கள்? பினாங்கு வந்ததும் தளப் பயணிகள் பலரை ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவலில் நிறுத்திவைத்தார்கள். மேல் வகுப்பார் பெரும்பாலும் நேரே கரை இறங்கிப் போனார்கள். அம்மை, சீட்டைப் பார்த்து வருவதில்லை என்பது நமக்குத் தெரியும்!

ஆனால் நம் தாத்தாவும் பாட்டியும் எடுத்தது ஒரே வகுப்புச் சீட்டு. இங்கேதான் இன்னும் சற்று உள்ளே போக வேண்டியிருக்கிறது. அவர் இளைஞர். பகலும் இரவும் திறந்த மேல்தளத்தில், நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு இருந்தார். பாட்டி குழந்தையோடு கீழ்த்தளத்தில், காற்றோட்டமில்லாத ஒரு மூலையில், எண்ணெய் வாடைக்கு நடுவில் படுத்துக் கிடந்தார். மூன்று நாள் ஒரு வாய்ச் சோறு உள்ளே தங்கவில்லை.

கடல் மயக்கம் ஏன் வருகிறது? இதற்கு உதாரணம் தேடிக் கடலுக்குப் போக வேண்டாம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையே போதும். அந்த வளைவுகளில் பின் இருக்கையில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்தான் வாந்தி எடுக்கிறார், ஓட்டுநர் எடுப்பதில்லை. நம் உட்செவியில் திரவம் நிறைந்த சிறு குழல்கள் உள்ளன. உடம்பு அசைந்தால் அந்தத் திரவம் அசைந்து மூளைக்குச் செய்தி சொல்லும். கண்ணும் தனியே செய்தி சொல்லும. கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவருக்குச் சுவரும் தூணும் கூடவே அசைவதால், 'எல்லாம் அசையாமல் நிற்கிறது' என்று கண் சொல்கிறது. 'இல்லை, ஆடுகிறோம்' என்று செவி சொல்கிறது. இந்தச் சச்சரவில் வயிறு கலங்குகிறது. மேல்தளத்தில் நிற்பவர் அடிவானத்தைப் பார்க்கிறார். கண்ணும் செவியும் ஒத்துப்போகின்றன. சாலையை உற்றுப் பார்க்கும் ஓட்டுநரைப் போல அவர் தப்பிக்கிறார்.

கப்பலின் முன்முனையும் பின்முனையும் ஏற்றக் கட்டையைப் போல ஏறி இறங்கும். நடுப்பகுதியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டிய தளத்தில் ஆட்டம் குறைவு. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த மயக்கம் வருவது அரிது. பாட்டியின் கைக்குழந்தை அந்த ஐந்து நாளும் சிரித்துக்கொண்டே இருந்ததாம். "அந்தப் பிள்ளை சிரிக்கச் சிரிக்க எனக்கு ஆத்திரம் வந்தது, தம்பி" என்றார். பெண்களுக்கு இம்மயக்கம் ஆண்களைவிடச் சற்று அதிகம் என்பதும் மருத்துவர்கள் கண்டது. இதைச் சொன்னதும் பாட்டி தாத்தாவை ஒரு பார்வை பார்த்தார். அறுபது ஆண்டாக, மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அடுத்தது மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்கக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. பினாங்கிலிருந்து மேற்கே போகும் கப்பல் அந்தக் காற்றின் முகத்தில் மோதிக்கொண்டே போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக் கரையில் புயல் காலம். அந்நாளில் நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகில் இறங்கிக் கரை சேர வேண்டும். அலை ஏறும் நேரம் பார்த்துப் படகில் காலை வைக்க வேண்டும். குழந்தையை முதலில் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிய அந்த நொடியைப் பாட்டி இன்னும் மறக்கவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் போனவர்களோ, கடல் எண்ணெய்போல் கிடந்தது என்பார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை.

ஒரு சிறு செய்தியும் சொல்லிவிடுவோம். கப்பல் சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை என்று சிலரும், பசிக்குமுன் வந்துவிட்டது என்று சிலரும் சொல்வதுண்டு. 1966-இல் மலேசியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டு மணி முந்தி இருந்தது. இன்று அது இரண்டரை மணி. ஐந்து நாள் பயணத்தில் இரண்டு மணி என்றால் நாளுக்கு 24 நிமிடம். மேற்கே போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் அவ்வளவு நீளும், கிழக்கே வருகிறவருக்குக் குறையும். போகையில் சோறு தாமதம், வருகையில் சீக்கிரம். சமையற்காரர் மேல் பழி போட வேண்டியதில்லை.

இத்தனையும் சொன்னபின், இடமும் மாதமும் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நாமே எண்ணிக்கொண்டிருந்தோம். அப்போது பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் வந்து அமர்ந்தார். அவர் கப்பலில் ஏறியதே இல்லை. பினாங்குத் துறையில் நின்று பார்த்ததோடு சரி.

1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தது. தோட்டங்களில் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பலர், முப்பது நாற்பது ஆண்டு உழைத்த மண்ணைவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இந்த அம்மாளின் தாயும் அவர்களில் ஒருவர். மகளுக்கு இங்கே கல்யாணமாகிவிட்டது. தாய் தனியே போனார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். கப்பலில் ஒரு குறையும் இல்லை, சோறு நன்றாகப் போட்டார்கள், கூட வந்தவர்கள் நல்லவர்கள், நீ கவலைப்படாதே என்று இருந்தது. பல ஆண்டு கழித்து, அதே கப்பலில் போய்த் திரும்பிய ஒருவரைத் தற்செயலாகத் தாப்பாவில் சந்தித்தார். "உன் தாயார் ஐந்து நாளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டு நாங்கள் பார்க்கவில்லை" என்று அவர் சொன்னார்.

வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒரே கப்பலில் ஒருவர் திருவிழாவுக்குப் போகிறார், ஒருவர் திரும்பி வராமலே போகிறார். பயணத்தைப் பற்றிச் சொல்பவர், கேட்பவர் மனம் நோகக் கூடாதென்றும் சிலவற்றைச் சொல்வதுண்டு. அந்தக் கடிதத்தையும் ஒரு கருத்தாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அது கப்பலைப் பற்றிய கருத்து அல்ல.

அந்த அம்மாள் கடிதத்தை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருக்கிறார். அதே தகரத்தில் தடுப்பூசிச் சான்றும், பழைய கப்பல் சீட்டின் பாதியும் இருந்தன. உங்கள் வீட்டுப் பெட்டியில் இப்படி எதுவும் இருந்தால் பழைய காகிதமென்று எறிந்துவிட வேண்டாம். யார், எந்த ஆண்டு, எந்தத் துறையில் இறங்கினார் என்பதற்குப் பல குடும்பங்களில் அது ஒன்றுதான் சான்று. பெரியவர்களைக் கேட்டு எழுதியும் வையுங்கள். கேட்கும்போது, தாத்தாவிடம் கேட்டது போதும் என்று எழுந்துவிடாமல், பாட்டியையும் தனியே கேளுங்கள். இருவரும் ஒரே அறையில் இருந்தால் ஒருவர் பேச்சே மேலோங்கும், அன்றும் அப்படித்தான் நடந்தது.

நாம் புறப்படும் நேரத்தில் பாட்டி விளம்பரத் தாளைத் தம் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பேரனிடம் மூன்று கேள்வி கேட்டார். நம் அறை எத்தனையாவது மாடி? கப்பலுக்கு நடுவிலா, ஓரத்திலா? எந்த மாதம்? மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது, வங்கக் கடல்போல் ஆடாது என்று பேரன் சொல்லிப் பார்த்தான்.

"அது இருக்கட்டும். மார்ச் மாதம் என்றால் வருகிறேன். உங்கள் தாத்தா இந்தத் தடவை கீழே படுக்கட்டும்" என்றார்.