மந்தையைக் காக்கும் கங்கால் நாய்

ஆட்டு மந்தையோடு செல்லும் நாய் என்றதும், ஆடுகளை விரட்டி ஓட்டிச் செல்லும் நாயே பலருடைய நினைவுக்கு வரும். ஆனால், ஆடுகளை ஓட்டாது, அவற்றினிடையே தானும் ஒன்றாக வாழ்ந்து, பகை விலங்குகளைத் தடுத்து நிற்கும் நாய்களும் உள்ளன. துருக்கி நாட்டின் கங்கால் நாய் அத்தகையது.

சிவாஸ் மாகாணத்திலுள்ள கங்கால் என்னும் ஊரே இதற்குப் பெயரளித்தது. அந்த மேட்டுநிலத்தில் மாரியிற் பனி உறையும். கோடையில் வெயில் வாட்டும். இரண்டையும் தாங்குமாறு இதன் உரோமம் ஈரடுக்காய் அமைந்துள்ளது. மஞ்சட்பழுப்பு உடலும், கருமை படர்ந்த முகமும், முதுகின்மேற் சுருளும் வாலும் இதன் அடையாளங்கள். நன்கு வளர்ந்த ஆண் நாய் தோள்வரை ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரமும், 50 கிலோகிராம் அளவு நிறையும் உடையது. ஓநாய் கழுத்தைக் கவ்வாதிருக்க, இடையர்கள் இரும்பு முட்கள் பொருந்திய பட்டியை இதற்கு அணிவிப்பர்.

இந்நாய் எடுத்தவுடன் பாய்வதில்லை. முதலில் உரத்துக் குரைக்கும். பின்னர் மந்தைக்கும் பகைக்கும் நடுவே நிற்கும். அவ்வெச்சரிக்கை பயனளியாவிடின் மட்டுமே தாக்கும். இவ்வியல்பு தொலைவிலுள்ள ஆபிரிக்க நாடொன்றில் வேறோர் உயிரினத்துக்கும் வாழ்வளித்துள்ளது.

நமீபியாவிற் சிவிங்கிகளுட் பெரும்பாலானவை பண்ணை நிலங்களிலே வாழ்கின்றன. தம் ஆடுகளையும் கன்றுகளையும் இழந்த பண்ணையாளர், 1980ஆம் ஆண்டுகளில் அவற்றைப் பெருந்தொகையாகக் கொன்றனர். 1990இல் அங்கே தொடங்கப்பட்ட சிவிங்கிப் பாதுகாப்பு நிதியம், 1994 முதல், கங்காலுக்கு நெருங்கிய இனமான அனத்தோலிய மேய்ப்பு நாய்களையும், பின்னர் கங்கால் நாய்களையும் பண்ணையாளருக்கு வழங்கியது. சிவிங்கி விரைந்தோடுவதற்கென அமைந்த மெல்லுடல் கொண்டது. காலிற் காயம்பட்டால் அதற்கு வேட்டையில்லை, உணவுமில்லை. ஆதலால் அது போரிடாது விலகிச் செல்லும். நாய் பெற்ற பண்ணையாளருட் பெரும்பாலோர் தம் இழப்பு மிகக் குறைந்தது என்றனர். இழப்புக் குறையவே துப்பாக்கியை எடுக்கும் தேவையும் குறைந்தது.

ஆயினும், நாயைப் பெற்றுவிட்டால் மட்டும் காவல் அமைந்துவிடாது. ஏறத்தாழ எட்டு வாரக் குட்டியாய் இருக்கும்போதே அதனை ஆடுகளோடு பழக்க வேண்டும். அப்போதுதான் மந்தையைத் தன் இனமாகக் கொள்ளும். விளையாட்டாக ஆட்டுக்குட்டியைத் துரத்தினால் உடனே திருத்த வேண்டும். முழு முதிர்ச்சியடைய இரண்டு ஆண்டுகள் வரை செல்லும். அதுவரை அளவுக்கு மீறி ஊட்டி விரைவாகக் கொழுக்க வைத்தால் மூட்டுகள் பழுதுறும். வளர்ந்த பின்னரும் ஒரே வேளையில் நிரம்ப உண்பது வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டும். ஆகவே, உணவை இரு வேளையாகப் பகிர்ந்தளித்தல் நன்று. பட்டினி கிடக்கும் நாய் மந்தையை விட்டு வேட்டைக்குச் செல்லக்கூடும். விசர்நாய் நோய்க்கான தடுப்பூசி, உண்ணி நீக்கம், நிழல், தூய நீர் என்பன இன்றியமையாதன. வெயிலுக்கென உரோமத்தை மழித்தல் தகாது; அது வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது.

பருத்த உடலையும் கம்பீரத்தையும் கண்டு இதனை நகரத்து வீட்டிற் சங்கிலியாற் பிணைத்து வைப்போரும் உளர். இரவிற் குரைப்பதும், அயலாரை ஐயுறுவதும், தானே முடிவெடுப்பதும் மலைச்சாரலில் இதன் நற்குணங்கள். ஒடுங்கிய முற்றத்திலோ அவையே குற்றங்களாகத் தோன்றும். எனவே, பெருநாய் ஒன்றை வளர்க்க விரும்புவோர் முதலில் அதற்கு அளிக்கத் தம்மிடம் இடமும் தொழிலும் உண்டா என்று சிந்தித்தல் வேண்டும்.