மொட்டை மாடியில் சிவாஜி விழா: சட்டம் எந்தப் படியில் ஏறி வருகிறது?

அக்டோபர் 1 என்றால் சில வீடுகளில் மாலை நான்கு மணிக்கே மொட்டை மாடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். கொடிக்கயிற்றில் எட்டு முழ வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, நாலு கிளிப் போட்டால் திரை தயார். முன்வரிசைக்குப் பாய், முட்டிவலிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, எல்லோருக்கும் சுண்டல். சிவாஜி கணேசன் பிறந்தநாள். ‘பாசமலர்’ ஓடுகிறது. கடைசிக் காட்சிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பாட்டி முந்தானையைக் கையில் எடுத்துக்கொள்கிறார். பேத்திகள் திரையை விட்டுவிட்டுப் பாட்டியைப் பார்க்கிறார்கள்.

எம்.ஜி.ஆர். வீடுகளுக்கு இது ஜனவரி 17, கமல் வீடுகளுக்கு நவம்பர் 7, ரஜினி வீடுகளுக்கு டிசம்பர் 12. நாள்தான் வேறு, வேட்டித் திரை ஒன்றுதான்.

ஆனால் நல்ல விழா வளரும். முதல் ஆண்டு குடும்பத்தார் பன்னிரண்டு பேர். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டார் வருவார்கள். நாலாம் ஆண்டு யாரோ வாட்ஸ்அப் குழுவில் அழைப்பைப் போட, முன்பின் தெரியாத ரசிகர்கள் விலாசம் விசாரித்துக்கொண்டு வருவார்கள். ஐந்தாம் ஆண்டு செலவு கட்டுப்படியாகாமல் தலைக்கு நூறு ரூபாய். ஆறாம் ஆண்டு மளிகைக்கடைக்காரர் உபயத்தில் தெருமுனையில் ஃப்ளெக்ஸ். இந்தப் படிகளில் எதில் சட்டமும் நம்மோடு ஏறி வந்தது என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

உட்கார்ந்திருப்பவர் யார்?

திரைப்படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ‘காப்பிரைட்’ என்று நாம் சொல்வது இதைத்தான். ஆகவே முதல் கேள்வி, உங்கள் மாடியில் இருப்பவர்கள் ‘பொதுமக்களா’ என்பது.

கேபிள் டி.வி. பற்றிய ஒரு வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1989இல் பார்வையாளர்களின் தன்மையைத்தான் உரைகல்லாக எடுத்துக்கொண்டது. குடும்பத்தாரும் வீட்டுக்கு வந்துபோகும் நட்புவட்டமும் பார்ப்பது ஒன்று. சந்தா கட்டிய யார் வேண்டுமானாலும் பார்ப்பது வேறு. அந்தக் கணக்கில், அத்தை, மாமா, பக்கத்து வீட்டுப் பெரியவர், அலுவலக நண்பர் நாலு பேர் என்று நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள் வரை அது வீட்டு விழா. அவர்களைச் சேர்த்துவைத்து உரிய வழியில் வாங்கிய படத்தைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

‘அனைவரும் வருக’ என்று எழுதிய நிமிடம் கதை மாறுகிறது. “டிக்கெட் போடவில்லையே, இலவசம்தானே” என்பது பலர் சொல்லும் சமாதானம். அது செல்லாது. இலவசமாகக் காட்டினாலும் பொதுக்காட்சி பொதுக்காட்சிதான். பணம் வாங்கினால் குற்றத்தின் கனம் கூடும், அவ்வளவே. சுண்டல் செலவை உறவினர்கள் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை. வாசலில் உண்டியல் வைத்து வருவோரிடமெல்லாம் வாங்குவது நுழைவுக் கட்டணமாகவே பார்க்கப்படும்.

இன்னொரு நுட்பம்: ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் படத்தைக் கேபிள் வழியாகவோ வேறு வழியாகவோ அனுப்பினால், அதையும் பொதுமக்களுக்குக் காட்டியதாகவே சட்டம் கருதுகிறது. துபாயில் இருக்கும் தம்பியும் பார்க்கட்டும் என்று மாடித் திரையை மொபைலில் பிடித்து நேரலை போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொதுக்காட்சிக்கு இடமும் உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டிலேயே சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தில், 1984இல், அதற்கென்றே ஒரு தனிச் சட்டமும் போட்டார்கள். லாபத்துக்காக இடத்தை வாடகைக்கு விடும் மண்டபக்காரரும், அங்கே நடப்பது உரிமை மீறல் என்று தெரிந்திருந்தால், பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

படத்துக்கு வயது என்ன?

பழைய நடிகரின் ரசிகர்களுக்குச் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள்தான். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் காலம் 2019 டிசம்பர் 31உடன் முடிந்தது. ‘பாசமலர்’ 1961, ஆகவே 2021 முடிவில். ‘கர்ணன்’ 1964, ஆகவே 2024 முடிவில். ‘திருவிளையாடல்’ 1965, ஆகவே 2025 முடிவில். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு 2028 முடிய வேண்டும். 1985இன் ‘முதல் மரியாதை’க்கு 2045 வரை பொறுக்க வேண்டும்.

கணக்கு இத்தோடு முடிந்துவிடாது. படத்துக்குள் இருக்கும் பாடல் வரி, இசை, மூலக்கதை ஆகியவற்றின் உரிமை, அவற்றைப் படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கும். கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் எழுதிய வரிகளின் காலம் 2041 முடியும்வரை உண்டு. ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் மெருகேற்றி மறுவெளியீடு கண்டது. அப்படிப்பட்ட புதிய பிரதிகளின் மேல் தனி உரிமை கோரப்படலாம். வீட்டுக்குள் பார்ப்பவர் இதைப் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டாம். ஊரைக் கூட்டுபவர், ‘அறுபது ஆண்டு ஆயிற்று’ என்ற ஒரு வரியை மட்டும் நம்பித் திரை கட்டக் கூடாது.

பிரதி எங்கிருந்து வந்தது?

அசல் டி.வி.டி., ஓ.டி.டி. சந்தா, தயாரிப்பாளரோ உரிமையாளரோ யூடியூபில் ஏற்றிய படம் ஆகியவை நேர்வழி. ஓ.டி.டி. நிறுவனங்களின் விதிமுறைகள் பொதுவாகச் சொந்த, வணிக நோக்கற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே இடம் தருபவை. அந்தச் சந்தாவைக் கொண்டு மண்டபத்தில் காட்டினால் கணக்கு முடக்கப்படலாம்.

டெலிகிராமில் இறங்கும் படமும், ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று வரும் ஆப்பும் இருமடங்கு ஆபத்து. பிரதி திருட்டுப் பிரதி என்பது ஒன்று. ஆப்பை நிறுவும்போது குறுஞ்செய்தியைப் படிக்கவும் திரையைப் பார்க்கவும் அது அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி ஓ.டி.பி. அடுத்தவர் கைக்குப் போகும் என்பது மற்றொன்று. படம் பார்க்கும் ஆப்புக்கு உங்கள் குறுஞ்செய்தியில் என்ன வேலை?

குழந்தைகள் வரும் விழா என்றால் தணிக்கைச் சான்றையும் பாருங்கள். 2024 விதிகளின்படி, யு/ஏ என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் காட்டலாமா என்பது பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு. விழா நடத்துபவர் முன்கூட்டிச் சொல்லிவிடுவது மரியாதை.

மீறினால் என்ன ஆகும்?

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தெளிவுபடுத்தியது. வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது, காரணத்தைப் பதிவுசெய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உரிமையாளர் தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்டுச் சிவில் வழக்கும் போடலாம்.

தியேட்டரில் கேமரா வைத்துப் பிடித்த பிரதி என்றால் நிலைமை இன்னும் மோசம். 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தின்படி, தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம்பிடிப்பதற்கும், திருட்டுப் பிரதியை லாபத்துக்காகப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். தமிழ்நாட்டில் திருட்டு வீடியோ தொழில் செய்பவர்கள் 2004 முதல் குண்டர் சட்டத்தின் கீழும் வருகிறார்கள்.

ஒலி, மின்சாரம், கைப்பிடிச் சுவர்

சட்டப் புத்தகத்தை விட அருகில் இருக்கும் ஆபத்துகள் இவை. அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். நனைந்த மாடியில் மூன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை ஒன்றோடொன்று கோத்து, மாடிப்படி வழியாக வயரை இழுத்துவருவதுதான் பெரும்பாலான வீட்டு விழாக்களின் ஏற்பாடு. இணைப்புகளைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலி மேல் வையுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகாதீர்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச்) இருக்கிறதா, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று மதியமே பாருங்கள். தூறல் விழுந்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும், அப்புறம்தான் புரொஜெக்டரைத் தூக்க வேண்டும். தெருக்கம்பத்தில் கொக்கி போடுவது உயிருக்கு ஆபத்து. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

கீற்றுப் பந்தலுக்கு அருகில் சூடாகும் விளக்கோ வயரோ வேண்டாம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்துக் கீற்றுக் கூரையில் பிடித்த தீ, மணமகன் உட்படப் பலரைக் கொண்டுபோனது. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அதையொட்டி நாற்காலி போடாதீர்கள். திரை இருட்டில் பிள்ளைகள் அதன்மேல் ஏறி நிற்பார்கள்.

ஒலி மாசு விதிகள் 2000இன்படி, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்தின் எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. பழைய படங்கள் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடுபவை. ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு முடியும். எட்டரைக்குத் தொடங்கினால், படம் பாதியில் இருக்கும்போது கீழிருந்து, “தம்பி, மணி பத்தாச்சுப்பா” என்று குரல் வரும். குரல் கொடுத்தவர் பக்கம்தான் சட்டம் இருக்கிறது.

தெருவில் பேனர் வைக்க உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணை சாலையில் அனுமதியில்லாத பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. நடிகரின் படம் போட்ட சட்டை, கோப்பை என்று விற்கத் தொடங்கினால் அது வேறொரு வம்பு. தம் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவர் பக்கம் நின்றது.

பிரச்சினை வந்தால்?

போலீஸ் வந்தால் வாக்குவாதம் வேண்டாம், படத்தை நிறுத்துங்கள். உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, மீறல் பிரதிகளைப் பிடியாணை இல்லாமலே கைப்பற்றலாம். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அவற்றைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுச்செய்ய 15 நாள் அவகாசம் உண்டு. டி.வி.டி. உறை, சந்தா ரசீது, அழைத்தவர்களின் பட்டியல் இவைதான் உங்கள் சாட்சி.

உரிமையே இல்லாத ஒருவர் ‘பணம் கட்டு, இல்லாவிட்டால் வழக்கு’ என்று மிரட்டினால், அடிப்படையற்ற மிரட்டலுக்கு எதிராகப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு உங்களுக்குக் கை கொடுக்கும். மிரட்டலுக்குத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். உரிமைக்கு என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியில் பணம் கொடுக்காதீர்கள்.

சமூக ஊடகத்தில் போட்ட விழாக் காட்சி புகாரால் நீக்கப்பட்டால், 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராதபோது அதைத் தளம் மீண்டும் அனுமதிக்க விதி இடம் தருகிறது. ஆப்பால் பணம் போனால் உடனே 1930. புரொஜெக்டர் வாடகைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. மின்தடைக்கு மின்னகம் 94987 94987. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பெரிதாகவே நடத்த வேண்டுமா?

நடத்தலாம், வழி இருக்கிறது. படத்தின் இப்போதைய உரிமையாளர் யார் என்று தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையில் விசாரித்து, நாள், இடம், காட்சி எண்ணிக்கை குறிப்பிட்டு ஒருமுறைக் காட்சிக்கான அனுமதிக் கடிதம் வாங்குங்கள். நெகட்டிவ் உரிமை ஒருவரிடமும் சாட்டிலைட் உரிமை இன்னொருவரிடமும் இருப்பது நம் சினிமாவில் சகஜம். கடிதம் தருபவருக்குப் பொதுக்காட்சி உரிமை உண்டா என்று பாருங்கள். இன்னொரு வழி, ஃபிலிம் சொசைட்டி. 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு இன்றும் இருக்கிறது. அதில் இணைந்த கழகங்கள் உறுப்பினர்களுக்கு முறைப்படி படம் காட்டுகின்றன.

இதற்கெல்லாம் தெம்பில்லை என்றால் விழாவைச் சின்னதாகவே வைத்திருங்கள். இந்த ஆண்டு அழைப்பு அனுப்பும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: வருகிறவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா, படத்துக்கு ரசீது இருக்கிறதா, பத்து மணிக்குள் முடியுமா. மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் வேட்டியைக் கட்டுங்கள். பாட்டி முந்தானையோடு காத்திருக்கிறார்.