சிறிய டிராக்டர்: ஓட்டப் பழகுவதும் மாற்றி அமைப்பதும்

"லோரியே ஓட்டியவனுக்கு இந்தச் சின்ன டிராக்டர் ஒரு பொருட்டா? இதற்குத் தனியாகப் பாடம் வேறு வேண்டுமா?"

தோட்டப்புறத்தில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஸ்டியரிங் இருக்கிறது, கியர் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. 20 முதல் 50 குதிரைத்திறன் வரை உள்ள சிறிய டிராக்டர் ஒரு காரை விடவும் மெதுவாகத்தான் போகிறது. அப்படியிருக்க, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் தோட்டமாகட்டும், கேமரன் மலைக் காய்கறிப் பாத்தியாகட்டும், வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் பழத்தோட்டமாகட்டும், சிறிய டிராக்டர் பத்து ஆள் வேலையை ஓர் ஆளின் கையில் கொடுக்கிறது. அதே டிராக்டர், அதன் இயல்பு தெரியாதவரை ஒரு விநாடியில் கவிழ்த்தும் விடுகிறது. அந்த இயல்பு என்ன என்பதைத்தான் இன்றைய அங்கம் விளக்குகிறது.

பெர்குசன் கண்ட முக்கோணம்

1917-ல் ஹென்றி ஃபோர்டின் 'ஃபோர்ட்சன்' டிராக்டர் சந்தைக்கு வந்தது. விலை மலிவு என்பதால் ஏராளமாக விற்பனையானது. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. பின்னால் இழுத்துச் செல்லும் கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் பின்சக்கரங்களால் முன்னேற முடியாது. எஞ்சினோ தள்ளுவதை நிறுத்தாது. சக்கரம் சுழல வழியில்லாதபோது டிராக்டரின் உடலே பின்சக்கர அச்சைச் சுற்றி எழும்பும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஓட்டுநரின் மேலேயே மல்லாந்து விழும். இப்படி உயிரிழந்தவர்கள் பலர்.

இதற்கு விடை கண்டவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். 1909-ல் தாமே விமானம் கட்டிப் பறந்து காட்டியவர் அவர். கலப்பையைத் தனி வண்டியாக இழுக்காமல், டிராக்டரின் உடலோடு மூன்று இடங்களில் இணைத்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. பக்கத்திலிருந்து பார்த்தாலும் மேலிருந்து பார்த்தாலும் அது முக்கோணம்.

இதனால் என்ன பயன்? கலப்பை கடினமான மண்ணில் முட்டும்போது கீழ்க்கைகள் பின்னோக்கி இழுபடுகின்றன. 'டாப் லிங்க்' எனப்படும் மேல்கையோ டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் முன்சக்கரங்களை மண்ணோடு அழுத்துகிறது. முன்பு டிராக்டரைக் கவிழ்த்த அதே விசை, இப்போது அதை நிலத்தில் நிறுத்துகிறது. அது மட்டுமல்ல, மேல்கையில் அழுத்தம் கூடுவதை ஹைட்ராலிக் அமைப்பு உணர்ந்து கலப்பையைச் சற்றே உயர்த்திக் கொடுக்கிறது.

1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரில் இந்த அமைப்பு பெரிய அளவில் வந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான சாம்பல் நிற 'டிஇ20' ஐந்து லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியானது. பின்னாளில் அவர் பெயரைத் தாங்கிய மாசி பெர்குசன் டிராக்டர்களை, சென்னையின் டாஃபே நிறுவனம் 1960களிலிருந்து தயாரிக்கத் தொடங்கியது. இன்று எந்தச் சிறிய டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும், கண்ணில் படுவது பெர்குசனின் அந்த மூன்று முனை இணைப்புதான்.

இந்த வரலாற்றில் முதல் பாடம் அடங்கியிருக்கிறது. மரக்கட்டையையோ, சேற்றில் சிக்கிய வண்டியையோ இழுக்க வேண்டுமானால், சங்கிலியை டிராபார் எனப்படும் தாழ்வான இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேல்கை இருக்கும் இடத்திலோ அச்சிலோ கட்டினால், இழுவிசை டிராபாரை விட உயரத்துக்குப் போய்விடும். பிறகு அது பழைய ஃபோர்ட்சனின் கதைதான். முன்சக்கரம் தூக்கத் தொடங்கி, இனித் திருப்ப முடியாது என்ற நிலையை எட்ட ஒரு விநாடிகூட ஆகாது. 'கிளட்ச் அமுக்கிவிடலாம்' என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கார் பழக்கம் கைகொடுக்காது

காரில் வேகம் குறைந்தால் மிதியை இன்னும் அழுத்துகிறோம். 'ஹைட்ரோஸ்டாட்டிக்' வகைச் சிறிய டிராக்டரில் இது தலைகீழ். மேடேறும்போதோ மண்ணில் வாளியைக் குத்தும்போதோ எஞ்சின் திணறினால் மிதியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அந்த மிதி எஞ்சினுக்கு எண்ணெய் கூட்டும் மிதியன்று. அது சக்கர வேகத்தை மாற்றும் மிதி. தளர்த்தினால் குறைந்த கியருக்கு மாறியதுபோல் இழுவை கூடும். புதிதாக ஏறுகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுவே.

பிரேக்கிலும் வேறுபாடு உண்டு. பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. இறக்கத்தில் முன்வாளியில் சுமை இருந்து, பின்சக்கரம் இலேசாகத் தூக்கினாலும் பிரேக் பிடிக்காது. ஆகவே சரிவில் இறங்குமுன் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, குறைந்த கியரில் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினின் பிடிப்பு முன்சக்கரத்துக்கும் கிடைக்கும். இடது, வலது எனத் தனித்தனிப் பிரேக் மிதிகள் உள்ள டிராக்டரைச் சாலையில் ஓட்டும்போது, இரண்டையும் கொக்கியால் சேர்த்துவிட வேண்டும். இல்லையேல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்று வண்டி சுழன்றுவிடும்.

விநாடிக்கு ஒன்பது சுற்று

டிராக்டரின் பின்புறம் பள்ளங்கள் வெட்டிய ஒரு குட்டைத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பி.டி.ஓ. புல் வெட்டும் கருவி, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், உரம் தூவும் கருவி எல்லாம் இதிலிருந்துதான் சக்தி பெறுகின்றன. ஆஸ்திரேலியரான ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் 1912-ல் சோதனைகளைத் தொடங்கி உருவாக்கிய ரோட்டவேட்டர், இன்று உலகெங்கும் உள்ள காய்கறித் தோட்டங்களில் ஓடுகிறது.

பி.டி.ஓ.வின் பொதுவான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது விநாடிக்கு ஒன்பது. சட்டை நுனி ஒன்று சுற்றிக்கொண்டால், மனிதன் சுதாரிக்கும் அரை விநாடிக்குள் நான்கு சுற்றுக்கு மேல் ஓடிவிடும். கையோ காலோ மிஞ்சுவது அரிது. ஓடும் தண்டைத் தாண்டக்கூடாது. தொளதொளத்த சட்டையோ துண்டோ கைலியோ அணிந்து அருகில் போகக்கூடாது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுக்காமல் கருவியில் சிக்கிய புல்லை எடுக்கக்கூடாது. இவை மூன்றும் மீறக்கூடாத விதிகள்.

முன்னே சுமை, பின்னே எடை

முன்வாளி பொருத்திய டிராக்டரில் நடக்கும் கணக்கைப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் வாளியில் 300 கிலோ மண் இருக்கிறது. பின்சக்கரங்களிலிருந்து 200 கிலோ எடை குறைந்துவிடும். முன் அச்சுக்கோ 500 கிலோ கூடிவிடும். தராசுக் கணக்குதான் இது.

இப்போது பின்னால், அச்சிலிருந்து 75 சென்டிமீட்டர் தூரத்தில் 200 கிலோ எடையைத் தொங்க விட்டால், பின்சக்கரங்களுக்கு 300 கிலோ கூடும். முன் அச்சிலிருந்து 100 கிலோ குறையும். டிராக்டர் மீண்டும் சமநிலைக்கு வருகிறது. பின் எடை இல்லாமல் வாளி வேலை செய்வது சரியல்ல என்று சொல்வதன் காரணம் இதுதான். அதோடு, சுமையுடன் நகரும்போது வாளி தரையை ஒட்டியே இருக்க வேண்டும். உயர்த்திய வாளியுடன் சரிவில் திரும்புவது, பக்கவாட்டில் கவிழ்வதற்குத் தானே வழி செய்வதாகும்.

எதை மாற்றலாம்?

டிராக்டர் வாங்கிய சில மாதங்களில், 'இதைக் கொஞ்சம் மாற்றினால் நன்றாக இருக்குமே' என்ற எண்ணம் எவருக்கும் வரும். அது நல்ல எண்ணமே. பயனுள்ள, செலவு குறைந்த மாற்றங்கள் பல உண்டு.

முதலாவது, பின் எடைப் பெட்டி. மூன்று முனை இணைப்பில் பொருந்தும் இரும்புப் பெட்டியைப் பட்டறையில் செய்து, கான்கிரீட் ஊற்றிக்கொள்ளலாம். சிறிய டிராக்டர்களில் பொதுவான முதல் வகை இணைப்பு என்றால், கீழ்க்கை ஆணி 22 மில்லிமீட்டர், மேல்கை ஆணி 19 மில்லிமீட்டர். அளவு தெரியாமல் மெல்லிய ஆணியைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது.

இரண்டாவது, பின் டயரில் நீர் நிரப்புதல். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் இருக்கும். எடை தாழ்வாகச் சேர்வதால் நிலைத்தன்மை கூடும். குளிர் நாடுகளில் நீர் உறையாமலிருக்க உப்புக் கலக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, சக்கர அகலம். பல டிராக்டர்களில் பின்சக்கரத்தைக் கழற்றி மாற்றிப் பூட்டினால் அகலம் கூடும். சரிவான நிலத்தில் வேலை செய்பவருக்கு இது மலிவான காப்பீடு. கையேட்டில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் செய்ய வேண்டும்.

நான்காவது, பி.டி.ஓ. இணைப்புத் தண்டின் நீளம். புதுக் கருவியோடு வரும் தண்டு பல வேளைகளில் நீளமாக இருக்கும். அப்படியே மாட்டிக் கருவியைத் தூக்கினால், தண்டு இறுகி டிராக்டரின் பேரிங்கை உடைத்துவிடும். கருவியை மெதுவாக ஏற்றி இறக்கி, தண்டு எந்த நிலையில் மிகவும் குறுகுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் இரண்டரை சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கும்படி, உட்குழாய், வெளிக்குழாய், மேலுறை எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்ட வேண்டும். வேலை செய்யும் நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்டிய முனையை அரம் கொண்டு மழித்து, கிரீஸ் தடவிப் பூட்டலாம்.

எதைத் தொடக்கூடாது?

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புச் சட்டகத்தில் துளையிடக் கூடாது, வெட்டக் கூடாது, எதையும் ஒட்டு வைக்கக் கூடாது. கவிழும்போது மடங்கி, விசையைத் தாங்கி, உயிரைக் காக்கும்படி அந்த இரும்பு அமைக்கப்பட்டிருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடம் பலமிழக்கும். 1959-ல் சுவீடன் நாடு புதிய டிராக்டர்களில் இந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னர் அங்கு கவிழ்ந்து இறப்போர் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது.

தாழ்ந்த செம்பனை மட்டைகளில் இடிக்கிறது என்று மடக்கி வைத்த சட்டகத்தை, அப்படியே மறந்துவிடுவது ஆபத்து. சட்டகம் நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டி கட்டாயம் வேண்டும். இல்லையேல் வெளியே தூக்கி எறியப்பட்டு, அந்தச் சட்டகத்தின் கீழேயே நசுங்க நேரும். மடக்கியிருக்கும்போது மட்டும் பட்டியைக் கழற்ற வேண்டும். இடத்தைத் தாண்டியதும் நிமிர்த்தி மீண்டும் அணிய வேண்டும்.

பி.டி.ஓ. தண்டின் மேலுறை உடைந்தால் 'பரவாயில்லை' என்று விடக்கூடாது. அதிர்ச்சியில் முறியும்படி வைத்திருக்கும் ஷியர் போல்ட்டுக்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைப் போடக்கூடாது. சில ரிங்கிட் போல்ட் முறிந்து, பல ஆயிரம் ரிங்கிட் கியர் பெட்டியைக் காப்பாற்றுகிறது என்பதுதான் அதன் சூட்சுமம். இன்னும் கொஞ்சம் எடை தூக்கட்டும் என்று ஹைட்ராலிக் அழுத்த வால்வை முறுக்குவதும் கூடாது. வாளி தூக்கிவிடும், டிராக்டர் தாங்காது. இருக்கையிலிருந்து இறங்கினால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைத் துண்டிப்பதும் இதே வகைத் தவறு.

முதலாளிக்குக் கடமை, தொழிலாளிக்கு உரிமை

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர் சொந்த வண்டி ஓட்டுபவரல்லர். மேலுறை இல்லாத தண்டும், சட்டகம் கழற்றிய டிராக்டரும் அவர் கையில் கொடுக்கப்பட்டால் என்ன செய்வது? மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான இயந்திரத்தையும் தேவையான பயிற்சியையும் தருவது முதலாளியின் கடமை என்கிறது. 2022-ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த பிரிவுகளின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருக்குப் பாதகம் செய்யக்கூடாது. இதை ஒவ்வொரு ஓட்டுநரும் அவர் குடும்பத்தாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எங்கே தொடங்குவது?

'அகல உழுவதிலும் ஆழ உழு' என்பார்கள் பெரியவர்கள். டிராக்டர் பழகுவதற்கும் அது பொருந்தும். பல கருவிகளை ஒரே நாளில் மாட்டிப் பார்ப்பதைவிட, ஒன்றை முழுதாக அறிவது மேல். முதல் நாள் சமதளத்தில், கருவி எதுவும் இல்லாமல் ஓட்டிப் பழகலாம். அடுத்து ஒரு கருவியை மாட்டவும் கழற்றவும் மட்டுமே பழகலாம். கருவியை எப்போதும் தரையில் இறக்கி வைத்த பிறகே டிராக்டரை விட்டு இறங்க வேண்டும். சிறு பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டும் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். ஓர் இருக்கை என்றால் ஓர் ஆள்தான்.

ஏதேனும் ஒன்றை மாற்ற நினைக்கும்போது, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: 'இந்த மாற்றம் டிராக்டரின் வேலையைக் கூட்டுகிறதா, அல்லது அதன் காவலைக் குறைக்கிறதா?' வேலையைக் கூட்டி, காவலைக் கெடுக்காத மாற்றமென்றால் தாராளமாகச் செய்யலாம். காவலைக் குறைப்பதென்றால், எவ்வளவு நேரம் மிச்சமானாலும் அதை விட்டுவிட வேண்டும். மாலையில் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு, மிச்சமான அந்த அரை மணி நேரத்தைவிட முழுதாகத் திரும்பி வரும் மனிதரே பெரிது.