ஈயக் குண்டும் எல்லையற்ற பொறுமையும்

தீபாவளி வந்துவிட்டால் நம் வீட்டுக் குழந்தைகள் பொட்டுக் கேப்பைக் கல்லின் மேல் வைத்து ஓங்கி அடித்து மகிழ்கிறார்கள். அந்தச் சிறு பொட்டில் இருப்பது கடுகளவு மருந்துதான். அதே தத்துவத்தைக் கொண்டு, மூன்றேகால் சவரன் எடையுள்ள காரீயக் குண்டை நூறு கஜத்துக்கு அப்பால் செலுத்தும் தோட்டாவைத் தம் கைகளாலேயே செய்துகொள்ளும் மனிதர்கள் அமெரிக்காவில் அநேகர் உண்டு. கடையில் காசு கொடுத்து வாங்கலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். அப்பளமுந்தான் கடையில் கிடைக்கிறது. ஆயினும் பாட்டி தன் கையால் இட்ட அப்பளத்துக்கு ஈடாகுமா? அவர்களுடைய வாதமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அப்பளம் கருகினால் பசியோடு போயிற்று; தோட்டாவில் பிழை நேர்ந்தாலோ கண்ணும் கையும் போய்விடும்.

நெம்புகோல் துப்பாக்கி

இவர்கள் போற்றும் துப்பாக்கியின் அடியில் ஒரு வளையம் தொங்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெடித்த தோட்டாவின் வெறுங்கூடு வெளியே விழும். புதிய தோட்டா உள்ளே புகும். 1873-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை '45-70' என்ற தோட்டாவை ஏற்றுக்கொண்டது. குண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்தை நூறாக வகுத்ததில் சுமார் 45 பங்கு. கரிமருந்தின் எடை 70 கிரெயின். ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் என்று கொள்ளலாம். குண்டின் எடையோ 405 கிரெயின், அதாவது 26 கிராம். 1881-இல் மார்லின் கம்பெனியாரும், ஜான் பிரௌனிங் வகுத்த அமைப்பைக் கொண்டு 1886-இல் வின்செஸ்டர் கம்பெனியாரும், இத்தோட்டாவுக்கேற்ற நெம்புகோல் துப்பாக்கிகளை வெளியிட்டனர். வழக்கொழிந்து கிடந்த இவ்வகையை மார்லின் கம்பெனியார் 1972-இல் மறுபடியும் உயிர்ப்பித்தார்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. குழலுக்குக் கீழே உள்ள நீண்ட குழாயில், ரயில் வண்டிகளைப் போல் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னதன் மூக்கு முன்னதன் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு ஊசிபோல் இருந்தால், துப்பாக்கி உதைக்கும் அதிர்ச்சியில் கேப்பைக் குத்தி, குழாயிலேயே வெடித்துவிடக்கூடும். ஆகவேதான் குண்டின் மூக்கைத் தட்டையாக வார்க்கிறார்கள். கூட்டின் வாயையும் குண்டின் பள்ளத்தில் இறுக மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் வில் தள்ளும் தள்ளில் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கி, உள்ளே அழுத்தம் அபாயகரமாக உயரும்.

வார்க்கும் கலை

தனிக் காரீயம் மிகவும் மிருதுவானது. வேகமாகச் செலுத்தினால் குழலின் திருகு வரிகளைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி, உட்சுவரில் ஈயப் பூச்சாகப் படிந்துவிடும். அதற்காகக் கலப்பு செய்கிறார்கள். புகழ்பெற்ற ஒரு கலவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காரீயம், ஐந்து பங்கு வெள்ளீயம், ஐந்து பங்கு ஆண்டிமனி. வெள்ளீயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் நிரம்ப உதவுகிறது. ஆண்டிமனி கடினத்தைக் கொடுக்கிறது.

காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தால் போதும். அது நொடியில் ஆவியாகி, கொதிக்கும் உலோகத்தை முகத்தில் வாரி இறைத்துவிடும். ஈயத் தூளோ உடலில் சேரும் மெல்லிய விஷம். காற்றோட்டமுள்ள இடத்தில் வார்ப்பது, வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துக் கழுவுவது, குழந்தைகளை அண்டவிடாமலிருப்பது ஆகியவை இத்தொழிலின் ஆசாரங்கள்.

குண்டின் பருமன் குழலின் உள்ளளவைவிட மயிரிழை கூடுதலாக இருக்க வேண்டும். ஆயிரத்தில் ஓர் அங்குலம் போதும். இடைவெளி இருந்தால் தீச்சுவாலை ஓரமாகப் புகுந்து ஈயத்தை உருக்கிவிடும். இதைத் தடுக்கவே சில குண்டுகளின் அடியில் சிறு செப்புக் கிண்ணி பொருத்துகிறார்கள். பக்கப் பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகைப் பூசுகிறார்கள். குண்டுக்கு மசகு பூசும் வழக்கம் பழமையானது. 1857-இல் நம் சிப்பாய்களின் உள்ளத்தில் நெருப்பை மூட்டியதும் என்ஃபீல்டு தோட்டாவில் பூசிய மசகைப் பற்றிய பேச்சுத்தானே!

மருந்தும் மனமும்

எல்லாவற்றிலும் கடினமானது மருந்தை அளப்பது. இந்தக் கூடு கரிமருந்துக்காகப் பெரிதாகச் செய்யப்பட்டது. இக்காலத்துப் புகையற்ற மருந்தோ குறைந்த அளவிலேயே பெருஞ்சக்தி தருவது. சில வகை மருந்தில் ஒரு பங்கு போட்டாலும் கூட்டில் இடம் மிஞ்சும். கவனம் சிதறி மறுபங்கையும் கொட்டிவிட்டால், கூடு வழியாமல் அதையும் ஏற்றுக்கொள்ளும். பிறகு வெடிப்பது தோட்டா அல்ல, துப்பாக்கியே! ஆதலால் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் உற்றுப் பார்த்த பின்னரே குண்டைப் பொருத்துவார்கள்.

ஒரே பெயருள்ள தோட்டாவாயினும், பழைய படைத் துப்பாக்கிக்கு ஓர் அளவு, நெம்புகோல் துப்பாக்கிக்கு ஓர் அளவு, மிக உறுதியான புதிய துப்பாக்கிக்கு ஓர் அளவு என்று கைநூல்கள் மூன்றாகப் பிரித்திருக்கின்றன. அண்டை வீட்டுக்காரரின் கணக்கை வாங்கிப் பின்பற்றுவது மற்றொருவர் மருந்துச் சீட்டைக் கொண்டு மருந்து சாப்பிடுவதற்கு ஒப்பாகும். நூலில் கண்ட குறைந்த அளவில் தொடங்கி, அணுவணுவாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சில குண்டுகளைக் காகிதக் குறியில் சுட்டுப் பார்க்க வேண்டும். துளைகள் நெருங்கி விழும் இடமே நிற்க வேண்டிய இடம். அதற்கு மேல் வேகத்தை நாடுவது பேராசை.

ஒரு கடைசிக் கேள்வி

இத்தனை பாடும் எதற்காக? குறி தவறாத குண்டு வேட்டைப் பிராணியை வேதனையின்றி வீழ்த்தும் என்பது அவர்கள் கூறும் நியாயம். கனத்த குண்டு வேகங்குறைந்தது, வளைந்து செல்வது. ஆகவே தொலைவிலிருந்து சுடும் சபலத்தை அடக்கி, அருகில் நெருங்கும் பொறுமையைக் கற்பிக்கிறது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. கலிபோர்னியாவில் காண்டார் என்னும் மாபெரும் கழுகு இனம் 1982-இல் 22 பறவைகளாகக் குறைந்தது. வேட்டையாடிய மிருகங்களின் எச்சத்தில் தங்கிய ஈயத்தை உண்டு அவை மடிவதை அறிந்து, வேட்டையில் ஈயக் குண்டைப் பயன்படுத்துவதையே அந்த மாகாணம் 2019 ஜூலை முதல் தேதி முதற்கொண்டு அறவே தடுத்துவிட்டது. நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி காட்டு மிருகங்களை வேட்டையாடுவது பொதுவாகக் குற்றமாகும்.

குண்டு வார்ப்பவன் ஒரு குன்றிமணியில் பாதியைக்கூடக் கணக்கில் விடமாட்டான். ஆனால் துப்பாக்கியை விட்டுப் புறப்பட்ட குண்டு எங்கே தங்குகிறது, யார் வயிற்றில் சேருகிறது என்பதும் கணக்கில் சேர்ந்ததுதான். அந்தக் கணக்கையும் சரியாகப் போடுகிறவனே உண்மையில் கைதேர்ந்தவன்.