ஒரு பிரிண்டர், மூன்று கம்ப்யூட்டர்: நாமே இணைக்கலாம்



பூந்தமல்லி பக்கத்தில் ஒரு கூட்டமைப்பு. பொருளாளர் வீட்டு முன் அறைதான் அலுவலகம். மூன்று கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர். பிரிண்டர் உள்ள கம்ப்யூட்டரில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், மற்றவர்கள் அவசரத்துக்குப் பென் டிரைவோடு வெளிக் கடைக்கு ஓட வேண்டும். அப்படி ஒருநாள் பென் டிரைவோடு வைரஸும் வந்துவிட்டது. கடன் விண்ணப்பம் கொடுக்க வேண்டிய காலையில் கணக்கு ஃபைல் திறக்கவில்லை. 12 பேர் உள்ள குழு அன்று வங்கிக்குப் போக முடியவில்லை. "நல்லவேளை, ரிஜிஸ்டர்ல எழுதி வச்சிருந்தோம், பொழைச்சோம்" என்றார் ஊக்குநர் அக்கா.

அடுத்த வாரமே மூன்றையும் இணைத்தோம். அரை நாள் வேலைதான்.

நெட்வொர்க் என்றால் என்ன?

கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் போடும் வழிதான் நெட்வொர்க். "அதுக்கு மாசாமாசம் நெட்டுக்குப் பணம் கட்டணுமே?" என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். வீட்டுக்குள்ளேயே பிரிண்ட் எடுக்க இன்டர்நெட் தேவையில்லை. நடுவில் ரூட்டர் என்ற சின்னப் பெட்டி இருந்தால் போதும். தபால்காரர் மாதிரி, எந்தக் கம்ப்யூட்டரில் இருந்து வந்தாலும் அது பிரிண்டரிடம் சேர்த்துவிடும். ஏற்கெனவே பிராட்பேண்ட் வைத்திருந்தால் அதனுடன் தந்த பெட்டியே பெரும்பாலும் போதும்.

எப்படிச் செய்வது?

1. ரூட்டரை நடுவான, உயரமான இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் வைஃபை சிக்னல் குறையும்.

2. எல்லாக் கம்ப்யூட்டரையும் அதே ரூட்டரோடு வைஃபையிலோ லேன் வயரிலோ இணையுங்கள். வயர் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் நெட்வொர்க் வகையை 'பிரைவேட்' என்று வையுங்கள்.

3. வைஃபை உள்ள பிரிண்டரை நேராக ரூட்டரோடு சேர்க்கலாம். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஆட் பிரிண்டர்' கொடுங்கள்.

4. யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய பிரிண்டர் என்றால், ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, 'பிரிண்டர் பிராப்பர்டீஸ்', 'ஷேரிங்' போய் 'ஷேர் திஸ் பிரிண்டர்' என்பதில் டிக் செய்யுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால்தான் மற்றவர்களுக்குப் பிரிண்ட் வரும்.

நேற்று வந்த பிரிண்ட் இன்று வரவில்லையா? ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கதவு எண் மாதிரி ஒரு எண் தரும். கரண்ட் போய் வந்தால் அது மாறிவிடலாம். பிரிண்டருக்கு நிலையான எண் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

பூட்டு முக்கியம்

நம் கம்ப்யூட்டரில் உறுப்பினர்களின் ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கின்றன. வைஃபை பாஸ்வேர்டு என்பது குழு பணப்பெட்டிச் சாவி. பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாலும் தரக்கூடாது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். பிரிண்டரை ஷேர் பண்ணினால் போதும், கணக்கு ஃபோல்டரை ஷேர் பண்ண வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். அடுத்த அறையில் இருந்து ஆதார் நகல்களைப் பிரிண்ட் கொடுத்துவிட்டு, எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் ஒரு குழந்தை யானை வரைந்திருந்தது! கொடுத்த தாளை உடனே போய் எடுங்கள்.

பராமரிப்பும் கணக்கும்

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அது ஒரே சமயத்தில் அதிக கரண்ட் இழுக்கும். இங்க் டேங்க் பிரிண்டரில் வாரம் ஒரு பக்கமாவது எடுங்கள், இல்லாவிட்டால் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தாளைப் பையில் சுற்றி வையுங்கள்.

இங்க் அல்லது டோனர் விலையை, அது தரும் பக்கங்களால் வகுங்கள். 500 தாள் கட்டின் விலையை 500-ஆல் வகுங்கள். இரண்டையும் கூட்டினால் ஒரு பக்கத்தின் அடக்கச் செலவு கிடைக்கும். அதன்மேல் ரிப்பேருக்கும் கொஞ்சம் சேர்த்து, கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் கட்டணம் வையுங்கள். யார் எத்தனை பக்கம் எடுத்தார் என்று நோட்டில் எழுதுங்கள்.

நம்மால் முடியுமா?

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரை நடு மையமாக வைத்து மற்ற ஊர்களை வயர்லெஸ் மூலம் இணைத்தார்கள். எம்பலம் ஊரில் கோயில் கட்டிடத்தில் இயங்கிய மையத்தை நடத்தியவர்கள் கிராமத்துப் பெண்களே. ஊர்களையே இணைத்து நடத்தியிருக்கிறார்கள். நமக்கு ஒரு வீடுதானே!

ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அவர் வராத நாளில் வேலை நின்றுவிடும். ஒவ்வொரு கூட்டமைப்பிலும் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள், சகோதரிகளே.